விடுபட்ட பாத்தி

மருந்து விழும் பாத்தி பன்னிரண்டு.
விழாதது மூன்று.
விழாததற்கு ஆய்வேட்டில் பெயர் கட்டுப்பாடு.
தேசிங்கு கேட்டுவிட்டுச் சிரித்தார்:
"யாருக்கும்மா கட்டுப்பாடு,
புழுவுக்கா எனக்கா?"

இலவம்பாடி முள்கத்தரி.
காம்பில் முள், இலை நரம்பில் முள்.
கையுறை போட்டால் இலை திருப்ப வராது.
அணைக்கட்டு பஸ்ஸில் வந்து இறங்கி
வெயில் ஏறுமுன் நூற்றைம்பது செடி பார்க்க வேண்டும்.
தலை தொங்கும் குருத்து எத்தனை,
துளை விழுந்த காய் எத்தனை.
துளை வாயில் எச்சம் அடைத்திருந்தால்
ஆள் உள்ளே.
துப்புரவாக இருந்தால் கிளம்பிவிட்டான்.

தாய் அந்து வெள்ளை,
இறக்கையில் காவிக்கறை,
உட்காரும்போது வயிற்று நுனி தூக்கியிருக்கும்,
விடை தெரிந்த பிள்ளையின் கைபோல.
முட்டை உடைத்து வந்த புழு
சில மணி நேரம்தான் வெளியே நடக்கும்.
மருந்து அதைச் சந்திக்க வேண்டியது அப்போதுதான்.
அப்புறம் வளர்வதெல்லாம் வீட்டுக்குள்.

இதைச் சொன்ன அன்று தேசிங்கு
தெளிப்பானைத் தோளிலிருந்து இறக்கி வைத்தார்.
"அப்போ இத்தினி வருசமா
கதவுக்கு வெளிய நின்னுக்கினு
கத்திக்கினு இருந்தனா நானு?"

மூன்று வாரம் ஆயிற்று.
கட்டுப்பாட்டில் சொத்தைக் காய்
நூற்றுக்கு நாற்பத்தாறு.
பவுனம்மா அதைத் தனியாகப் பறித்து
மாட்டின் முன்னால் கொட்டினாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
கூடையைத் தட்டிய சத்தம் மட்டும் கொஞ்சம் அதிகம்.
நஷ்டஈடு பாத்திக்கு எழுநூறு,
படிவத்தில் கையெழுத்து வாங்கியிருந்தேன்.
அந்த வாரம் வேலூர் மண்டியில் கத்தரி கிலோ எண்பது.
கணக்கை இருவரும் போட்டோம்,
சொல்லிக்கொள்ளவில்லை.

இருபத்தேழாம் நாள்
மூன்றாம் பாத்தியை மூக்கு முதலில் கண்டுபிடித்தது.
இலைமேல் காய்ந்த வெள்ளைப் பூச்சு.
மண்ணில் பொறிவண்டு ஆறு, மல்லாந்து.
சிலந்தி இரண்டு.
நூல் இடுப்புக் குளவி ஒன்று.
குருத்தைப் பிளந்தேன்.
புழு நன்றாக இருந்தது,
வெளிச்சம் பட்டதற்குக் கோபித்துக்கொண்டு
உடம்பைச் சுருட்டியது.

தேசிங்கு வரப்பிலேயே நின்றார்.
"ராத்திரி தூக்கம் வர்லமா.
பாத்துக்கினு கம்முனு கெடக்க முடியல.
மத்த ரெண்ட தொடல. சத்தியமா."

போனில் வழிகாட்டி கோபப்படவில்லை.
விடுபட்ட பாத்தி என்று போடு,
சூத்திரம் இருக்கிறதே என்றார்.
இருக்கிறது.
தொகுதியின் கூட்டல், சிகிச்சையின் கூட்டல்,
மொத்தக் கூட்டல் மூன்றையும் கொடுத்தால்
இல்லாத எண்ணைச் செய்து தரும்.
விலை, சுதந்திரத்தில் ஒரு படி.
எட்டு ஏழாகும்.
நாற்பத்திரண்டு புள்ளி ஏழு வந்தது.
தேசிங்கு அயர்ந்து தூங்கியிருந்தால்
நான் எண்ணியிருக்கக்கூடிய நாற்பத்திரண்டு.
அந்தப் புள்ளி ஏழு யாருடையது என்று
ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காகிதப்பட்டறை அறையில்
தயிர்க் கிண்ணங்கள், வாயில் மெல்லிய துணி.
அதே பாத்தியில் முன்பு எடுத்த புழுக்கள்.
ஒவ்வொன்றாய் அந்து ஆகி வெளியேற
பதினேழாம் கிண்ணத்தில் மட்டும் அந்து வரவில்லை,
குளவி வந்தது.
புழுவைத் தின்று, புழுவின் வீட்டில் வளர்ந்து,
ஈரம் காயாத மீசையோடு.

எழுபது சத ஆல்கஹாலில் போட்டேன்.
என் வேலை அது.
சீட்டில் தேதி, ஊர், பாத்தி மூன்று.

தேசிங்கு சீசாவை வெயிலில் தூக்கிப் பிடித்தார்.
முள் கிழித்த விரலுக்கு நடுவில்
அது மிதந்து திரும்பியது.
"இதுக்கு மட்டும் எப்டிமா
கதவு தெரிஞ்சுது?"

வாசனை என்று தொடங்கினேன்.
பாதியில் நிறுத்தி,
அடுத்த செடியின் இலையைத் திருப்பினேன்.
சீசா இன்னும் அவர் கையில்தான்.